முப்பது வயசுக்கு மேல ஆட்டிசம் இருக்கான்னு பாக்கணும்னா: டெல்டா பொண்ணுங்களுக்கு

எனக்கு ஆட்டிசம்னு டாக்டர் எழுதிக் குடுத்தப்ப வயசு 34. ஆட்டிசம்னா மனுசங்களோட பழகறது, சத்தம் வெளிச்சம் தாங்கறது இதெல்லாம் சின்ன வயசுலேந்தே மத்தவங்கள விட வேற மாதிரி இருக்கறது. அதுவரைக்கும் ஊர்ல எனக்கு இருந்த பேரு திமிரு புடிச்சவ. யாராச்சும் வீட்டுக்கு வந்தா வாங்கன்னு சொல்ல மாட்டா, கல்யாண வீட்டுல பந்தில உக்கார மாட்டா, கேட்ட கேள்விக்கு மூஞ்சிக்கு நேரா பதில் சொல்லிடுவா, கறுப்பா இருந்துகிட்டு இவளுக்கு எவ்ளோ ராங்கி பாருன்னு சொந்த அத்தையே சொல்லிருக்காங்க. நீடாமங்கலம் பக்கம் எங்க ஊர்ல எங்க தெருவ காலனின்னு தான் சொல்லுவாங்க, அந்தத் தெருவுலேந்து வர்ற பொண்ணு பேசாம போனாலும் திமிரு, பேசினாலும் திமிரு. அந்த ஒரு வார்த்தை என்ன இருக்குன்னு பாக்கவே விடாம முப்பது வருசம் மறைச்சிடுச்சு.

போன்ல தேடிட்டு இருந்தப்ப தான் அமெரிக்கால இருக்கற கறுப்பினப் பொண்ணுங்க பலபேர் இதே மாதிரி முப்பதுக்கு மேல, நாப்பதுக்கு மேல தெரிஞ்சுகிட்டத படிச்சேன். அங்க அவங்க நேரா பேசினா கோவக்காரின்னு முத்திரை, ஒதுங்கி இருந்தா மரியாதை தெரியாதவன்னு முத்திரை, டாக்டர் ரூம் வரைக்கும் அந்த முத்திரை கூடவே போகுது. 2002ல பிலடெல்பியால நடந்த ஒரு ஆய்வுல கறுப்பினக் குழந்தைங்களுக்கு வெள்ளைக் குழந்தைங்கள விட ஒன்றரை வருசம் கிட்ட தாமதமா தான் ஆட்டிசம்னு கண்டுபுடிச்சிருக்காங்க. 2023ல வந்த அமெரிக்க அரசு கணக்குல தான் முதல் தடவையா ஆட்டிசம்னு கண்டுபுடிச்ச விகிதம் கறுப்பினக் குழந்தைங்க கிட்ட வெள்ளைக் குழந்தைங்கள விட அதிகமாச்சு, அதுவரைக்கும் விட்டுப்போன புள்ளைங்க இப்ப தான் கணக்குல வர்றாங்கன்னு அர்த்தம். அவங்க பட்டது வேற, நம்ம பட்டது வேற, ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஆனா அத படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, எனக்கும் இது தானோன்னு முதல்முறையா தோணுச்சு.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க. ஆட்டிசம்னா நம்ம மனசுல வர்ற படமே ஒரு சின்னப் பையன் படம் தான. 1943ல லியோ கேனர் எழுதின முதல் கட்டுரைல 11 குழந்தைங்க, அதுல 8 பேரு பசங்க, அங்கேந்தே படம் அப்படி விழுந்துடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே 1927ல ரஷ்யால க்ருன்யா சுக்காரேவான்னு ஒரு பெண் மருத்துவர் பொண்ணுங்க கிட்ட இது எப்படி வேற மாதிரி தெரியுதுன்னு எழுதிட்டாங்க, அத ரொம்ப காலம் யாரும் எடுத்துப் பாக்கவே இல்ல.

சரி, என்ன பண்ணணும்னு வரேன். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க, நான் ஓடி ஏமாந்தவ. திருச்சிக்கு இந்தப் பக்கம் ஒரு டவுன்ல தனியார் டாக்டர் கிட்ட போனேன், அஞ்சு நிமிசம் கூட பேசல, நல்லா பேசுற, கண்ணப் பாத்து பேசுற, வேலைக்கு வேற போற, உனக்கென்னம்மா ஆட்டிசம், வீட்டுல சொல்லி சீக்கிரம் கல்யாணம் பண்ணிக்கன்னு சொல்லி தூக்க மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. நான் பாத்தது அவரு கண்ண இல்ல, ரெண்டு புருவத்துக்கு நடுவுல. பத்தாவது படிக்கறப்பலேந்து அப்படித்தான் பாத்துப் பழகிருக்கேன். அது அவருக்கு எப்படித் தெரியும், நான் தான சொல்லிருக்கணும், ஆனா அந்த அஞ்சு நிமிசத்துல எனக்கு வாயே வரல.

அதனால முதல் வேலை ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குறது. வாயில வராதது எல்லாம் அதுல எழுதணும். எத எழுதணும்னா, டாக்டருங்க வெச்சுப் பாக்கற டி.எஸ்.எம் 5ன்னு மனநல டாக்டருங்களுக்கான ஒரு அமெரிக்க புக்கு இருக்கு, 2013ல வந்தது, அதுல ஆட்டிசத்துக்கு ரெண்டு பகுதி. ஒரு பகுதி மனுசங்களோட பழகறது, அதுல மூணு விஷயம், மூணுமே இருக்கணும்: பேச்சுக்கு பேச்சு குடுத்து வாங்குறதுல சிரமம், கண்ணு முகம் கை ஜாடைல சிரமம், உறவு நட்ப உண்டாக்கி வெச்சுக்கறதுல சிரமம். இன்னொரு பகுதில நாலு விஷயம், அதுல ரெண்டாச்சும் இருக்கணும்: ஒரே அசைவ இல்ல ஒரே வார்த்தைய திருப்பித் திருப்பி செய்றது, பழக்கம் மாறினா தாங்க முடியாம போறது, ஒரே விஷயத்துல அளவு மீறின ஈடுபாடு, சத்தம் வெளிச்சம் துணி வாசனை இதெல்லாம் அதிகமாவோ கம்மியாவோ படுறது. இது சின்ன வயசுலேந்தே இருந்திருக்கணும், இப்ப வாழ்க்கைல நெசமாவே கஷ்டம் குடுக்கணும். சின்ன வயசுல வெளிய தெரியாம அப்பறமா தெரியலாம், கத்துகிட்ட பழக்கத்தால மறைஞ்சும் இருக்கலாம்னும் அதுலயே எழுதிருக்கு. இந்த கடைசி வரிய மனசுல வெச்சுக்கோங்க, நமக்கு ரொம்ப வேணும்.

இப்ப அத நம்ம வாழ்க்கைல வெச்சு எழுதணும். "எனக்கு சென்சரி பிரச்சனை இருக்கு"ன்னு, அதாவது சத்தம், வெளிச்சம் மாதிரி படுறதுல சிரமம்னு, மொட்டையா எழுதினா யாருக்கும் ஒண்ணும் புரியாது. நான் எழுதினது இப்படி: எங்க அம்மா நடவாளு, நான் சேத்துல கால வெக்க மாட்டேன், வெரல் இடுக்குல சேறு ஏறினா வாந்தி வரும், நடவாளு வீட்டுப் புள்ளைக்கு சேறு ஆகலையாம்னு தெருவே சிரிச்சிருக்கு. கோயில் திருவிழால மைக்செட் கட்டினா மூணு நாளும் வைக்கோல் போர் பின்னாடி காதப் பொத்திட்டு உக்காந்திருப்பேன். பட்டுப்பாவாடை ஜரிகை தோல்ல பட்டா அழுவேன். ஆறாவதுலேந்து எட்டாவது வரைக்கும் மோர்சாதமும் அப்பளமும் தவிர வேற ஒண்ணும் உள்ள போகாது. பஸ்ஸுல டிரைவருக்குப் பின்னாடி மூணாவது ஜன்னல் சீட்டு கிடைக்கலன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேன், இப்பவும் நிக்கறேன்.

அளவு மீறின ஈடுபாடுன்னா பசங்களுக்கு ரயிலு, கம்ப்யூட்டருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு ஆறு. கல்லணைல காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலா பிரியும், தென்பெரம்பூர்ல வெண்ணாத்துலேந்து வெட்டாறு பிரியும், எங்க நீடாமங்கலம் மூணாறு தலைப்புல வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா போகும், இப்படியே கடைசி வாய்க்கால் வரைக்கும் எட்டு வயசுல எனக்கு மனப்பாடம். ஜூன் 12 மேட்டூர் தெறந்தா தண்ணி எங்க ஊரு தலைப்புக்கு எத்தனாவது நாள் வந்துச்சுன்னு வருசா வருசம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், அந்த நோட்டுங்க இன்னும் இருக்கு. பொம்பளைப் புள்ளைக்கு எதுக்குடி ஆத்துக் கணக்குன்னு திட்டு தான் வாங்கிருக்கேன். பின்னாடி என்னைப் பாத்த சைக்காலஜிஸ்ட் அந்த நோட்ட கைல வாங்கி ஒவ்வொரு பக்கமா பொரட்டினாங்க. உங்களுக்கு அது கோலமா இருக்கலாம், சீரியலா இருக்கலாம், ஒரே நடிகரா இருக்கலாம், நகை டிசைனா இருக்கலாம். பொண்ணுங்க விருப்பம் வெளிய சாதாரணமா தெரியும், எவ்ளோ ஆழமா போயிருக்கீங்கங்கறது தான் விஷயம், அத எழுதுங்க.

இதெல்லாம் வெளிய தெரியாம நம்ம மறைக்கறதையும் எழுதணும். இத மாஸ்கிங்னு சொல்றாங்க. சித்தி பொண்ணு எப்படி சிரிக்கறா, எப்ப "அப்படியா"ன்னு சொல்றான்னு பாத்துப் பாத்து நான் அப்படியே செய்யக் கத்துகிட்டேன். போன் பண்றதுக்கு முன்னாடி பேச வேண்டியத ரெண்டு தடவ சொல்லிப் பாத்துப்பேன். ஒரு வளைகாப்புக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளு இருட்டு ரூம்ல படுத்திருப்பேன், பேச்சே வராது. அங்க சிரிச்சது மட்டும் தான் ஊருக்குத் தெரியும், அந்த ரெண்டு நாள எழுதுங்க. நம்மள மாதிரி பொண்ணுங்க இன்னும் அதிகமா மறைக்கறோம், ஏன்னா ஒரு சின்னத் தப்புக்கும் நம்ம வீட்டையும் தெருவையும் சேத்துப் பேசிடுவாங்கன்னு பயந்தே வளந்திருக்கோம். இதையும் டாக்டர் கிட்ட சொல்லலாம், சொல்லணும்.

அடுத்தது அம்மா. சின்ன வயசு விவரம் இல்லாம யாரும் உறுதியா எழுதித் தர மாட்டாங்க, ஆனா "எத்தனாவது மாசத்துல பேசினேன்"னு கேட்டா எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியல. மாசம் வெச்சு கேக்காதீங்க, ஊர்ல நடந்தத வெச்சு கேளுங்க. 1992 மகாமகத்தப்ப எனக்கு மூணு வயசு, அப்ப நான் பேசினேனாம்மான்னு கேட்டேன், உடனே சொல்லிட்டாங்க, எங்கடி பேசின, கும்மோணத்துலேந்து வந்த மாமா புள்ள ஊமையான்னே கேட்டாருன்னு. 2004ல மகாமகமும் வந்துச்சு, வருசக் கடைசில சுனாமியும் வந்துச்சு, அந்த வருசம் நீங்க எப்படி இருந்தீங்கன்னு கேளுங்க. வெரல நீட்டி எதையாச்சும் காட்டுவேனா, கூப்பிட்டா திரும்புவேனா, மத்த புள்ளைங்களோட வெளாடுவேனா, குதிகால் தூக்கி நடந்தேனா, எதுக்கு ரொம்ப அழுதேன், இதெல்லாம் கேட்டு அவங்க சொன்ன வார்த்தைலயே எழுதுங்க. அம்மா இல்லன்னா பெரியம்மா, அக்கா, பழைய டீச்சர் யாரா இருந்தாலும் சரி. அம்மாவுக்கு ஆட்டிசம்னு பேரு சொல்லிக் கேக்க வேண்டாம், பயந்துட்டா எல்லாத்துக்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்த"ன்னு சொல்லிடுவாங்க. சும்மா பழைய கதை பேசுற மாதிரி ஆரம்பிங்க. ஸ்கூல் ரேங்க் கார்டுல "யாருடனும் பேசுவதில்லை"ன்னு டீச்சர் எழுதிருந்தா அது தங்கம் மாதிரி, ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

ஆட்டிசம் இருக்குமான்னு நம்மளே போட்டுப் பாக்க நெட்டுல ஓசில கேள்வித்தாள் இருக்கு. ஏ.க்யூன்னு 50 கேள்வி, 32ஓ அதுக்கு மேலயோ வந்தா டாக்டர பாக்கணும்னு சொல்லுவாங்க. ராட்ஸ் ஆர்னு 80 கேள்வி, அதுல 65. மறைக்கறத அளக்க கேட் க்யூன்னு 25 கேள்வி. பெரும்பாலும் இங்கிலீஷ்ல இருக்கும், தெரிஞ்சவங்கள பக்கத்துல வெச்சுகிட்டு போடுங்க, மார்க்க நோட்டோட சேத்து வைங்க. ஆனா மார்க்க மட்டும் தூக்கிட்டுப் போயி எனக்கு ஆட்டிசம்னு சொல்லாதீங்க, நெட்ட பாத்துட்டு வந்திருக்கான்னு ஒரு நொடில ஒதுக்கிடுவாங்க, பதட்டமும் மனச்சோர்வும் இருந்தாலும் அந்த மார்க்கு ஏறும்.

இப்ப எங்க போறதுன்னு பாப்போம். காசு இல்லன்னா தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலயே மனநலப் பிரிவுல ஆரம்பிக்கலாம், காலைலயே போயி ஓபி சீட்டு போடணும். அங்க குழந்தைங்களுக்கான டி.இ.ஐ.சி சென்டருக்குப் போங்கன்னு சொன்னா, அது 18 வயசு வரைக்கும் தான், எனக்கு பெரியவங்களுக்கான மனநல டாக்டர பாக்கணும்னு பொறுமையா சொல்லுங்க. அங்க பெரியவங்களுக்கு ஆட்டிசம் பாத்து பழக்கம் இல்லன்னா மேல எழுதிக் குடுக்கச் சொல்லி கேளுங்க, ஒரு ரெஃபரல் கடுதாசி இருந்தா அடுத்த எடத்துல பாதி வேலை முடிஞ்ச மாதிரி. மேலன்னா பாண்டிச்சேரி ஜிப்மர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, கோவளம் பக்கம் முட்டுக்காட்டுல பல்வகை மாற்றுத்திறனாளிங்களுக்கான மத்திய அரசு நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ். சென்னைக்கு எங்க பக்கத்துக்கு மன்னை எக்ஸ்பிரஸ், பெங்களூருக்கு மாயவரம் தஞ்சாவூர் வழியா போற மைசூர் எக்ஸ்பிரஸ். ராத்திரி ரயில்ல தூங்காம போயி அடுத்த நாள் டெஸ்ட்டுக்கு உக்காராதீங்க, முடிஞ்சா ஒருநாள் முன்னாடி போயி யாரு வீட்டுலயாச்சும் தங்குங்க.

தனியார்ல போனா பல ஆயிரம் ஆகும், அதனால முன்னாடியே போன் பண்ணி மூணு கேள்வி கேளுங்க. 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஆட்டிசம் பாக்கறீங்களா, பொண்ணுங்கள பாத்திருக்கீங்களா, ரிப்போர்ட் எழுதித் தருவீங்களா. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐன்னு மத்திய அரசோட மறுவாழ்வு கவுன்சில் குடுத்த பதிவு எண் இருக்கும், கேட்டா சொல்லணும், கவுன்சிலர்னு போர்டு மட்டும் போட்டிருந்தா அவங்க இத உறுதி பண்ண முடியாது. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மூளை மேப்பிங்னு சொல்லி காசு கேட்டா எந்திரிச்சு வந்துடுங்க, ஆட்டிசத்த காட்டுற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது, வேற நோய் இருக்கான்னு பாக்க எழுதறது வேற. ஸ்டெம் செல் ஊசி போட்டா குணமாகும்னு சொல்றவங்க கிட்ட போகவே போகாதீங்க, ஆட்டிசத்துக்கு அத சிபாரிசு பண்றதில்லன்னு தேசிய மருத்துவ ஆணையமே 2022ல சொல்லிடுச்சு. ஆட்டிசத்த எடுக்கற மாத்திரையும் கிடையாது. கூடவே பதட்டம், மனச்சோர்வு இருந்தா அதுக்கு மாத்திரை உண்டு, டாக்டர் அத குடுத்தா வேண்டாம்னு தூக்கிப் போடாதீங்க, ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருந்தா நீங்களா நிறுத்தவும் நிறுத்தாதீங்க. எங்க ஆயா சின்ன வயசுல என்னை குணசீலத்துல கொண்டு வெச்சாங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச வழி அது, பாசத்துல செஞ்சாங்க. கோயிலுக்குப் போறதும் டாக்டர் கிட்ட போறதும் ஒண்ண ஒண்ணு தடுக்காது, வீட்டுல சண்டை போட வேண்டாம்.

ரெண்டாவது தடவ வேற ஒரு லேடி டாக்டர் கிட்ட நான் போனப்ப வாயத் தெறக்கறதுக்கு முன்னாடியே ஒரு பக்க கடுதாசிய டேபிள் மேல வெச்சேன். அத அப்படியே தரேன், மாத்தி எழுதிக்கோங்க: "வணக்கம் டாக்டர். எனக்கு நேருல பேசறது கஷ்டம், அதனால எழுதிட்டு வந்திருக்கேன். எனக்கு ஆட்டிசம் இருக்கான்னு முறையா சோதிக்கணும்னு கேக்கறேன். நான் கண்ணப் பாத்து பேசுற மாதிரி தெரியும், அது பழகினது. மூணு வயசு வரைக்கும் பேசல, அம்மா சொன்னது தனியா எழுதிருக்கேன். சத்தத்தால ரெண்டு வேலைய விட்டிருக்கேன். எனக்கு மனச்சோர்வு மட்டும் தான்னு நீங்க நெனச்சா, ஏன் ஆட்டிசம் இல்லன்னு ஓபி சீட்டுல எழுதித் தாங்க." இந்த கடைசி வரிய மரியாதையா தான் கேக்கணும், ஆனா கேக்கணும். எழுதச் சொன்னா தான் இன்னொரு தடவ யோசிப்பாங்க. எனக்கு அந்த லேடி டாக்டர் முழுசா படிச்சுட்டு, உக்காருங்கம்மான்னு சொல்லிட்டு ஃபேன கம்மி பண்ணாங்க, சத்தம் தாங்காதுன்னு எழுதிருந்தத கவனிச்சிருக்காங்க.

டெஸ்ட்டு ஒரே நாள்ல முடியாது, எனக்கு மூணு தடவ போக வேண்டி இருந்துச்சு. பேட்டி இருக்கும், அம்மாவ தனியா கேப்பாங்க, சில எடத்துல அடோஸ் 2ன்னு ஆட்டிசத்துக்குன்னே நேருல பாக்கற டெஸ்ட்டு ஒண்ணு வெச்சிருக்காங்க, பெரியவங்களுக்கு அதுல நாலாவது பகுதி, படம் பாத்து கதை சொல்லச் சொல்லுவாங்க, நட்பு வேலை பத்தி பேசச் சொல்லுவாங்க. அங்க போயி நல்ல புள்ளையா நடந்துக்காதீங்க. நமக்கு கை தானா மறைக்கப் போயிடும், பெரிய மனுசங்க முன்னாடி அடக்கமா இருக்கணும்னு சொல்லி வளத்திருக்காங்க இல்ல. வெரல ஆட்டணும்னா ஆட்டுங்க, கீழ பாத்து பேசணும்னா பாருங்க, கேள்வி புரியலன்னா புரியலன்னு சொல்லுங்க. உறுத்தாத பழைய காட்டன் சுடிதார் போட்டுட்டுப் போங்க.

சர்டிபிகேட் விஷயத்துல நெறைய பேரு கொழம்புறாங்க. டாக்டர் ஆட்டிசம்னு எழுதறது ஒண்ணு, அரசு மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னொண்ணு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைல ஆட்டிசமும் இருக்கு, நம்ம அரசு காகிதத்துல புற உலகச் சிந்தனையற்றோர்னு போட்டிருக்கும், அந்தப் பேரு எனக்குப் புடிக்கல, ஆனா ஃபாரத்துல அது தான் இருக்கும். சான்றிதழுக்கு ஐசான்னு ஒரு இந்திய அளவுகோல்ல பாப்பாங்க, 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1லேந்து 5 வரைக்கும் மார்க்கு, 70க்கு கீழ வந்தா ஆட்டிசம் இல்லன்னு கணக்கு. மறைச்சுப் பழகின பொண்ணுங்களுக்கு இதுல மார்க்கு கம்மியா வரலாம், அதனால டாக்டர் சொன்னது பொய்யாயிடாது. 40 சதவீதம் வந்தா தான் அரசு வேலை ஒதுக்கீடு மாதிரி சலுகை, மொத்தம் 4 சதவீத ஒதுக்கீட்டுல ஆட்டிசம், மனநோய் மாதிரி சிலது சேந்து 1 சதவீதம். யு.டி.ஐ.டின்னு சொல்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஆன்லைன்ல போடலாம், இல்ல கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேக்கலாம். திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள், கூட்டமும் சத்தமும் இருக்கும், விவரம் மட்டும் கேக்கணும்னா வேற நாள் போங்க.

கல்யாணம் ஆகாத பொண்ணுங்க என்கிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு தான், வெளிய தெரிஞ்சுடுமாக்கா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல உங்க விவரத்த ரகசியமா வெக்கறது உங்க உரிமைன்னு இருக்கு, உங்க ரெக்கார்ட நீங்க கேட்டு வாங்கறதும் உரிமை. கூட வர்றவங்க முன்னாடி எல்லாத்தையும் சொல்ல வேண்டாம்னா டாக்டர் கிட்ட தனியா பேசணும்னு கேளுங்க. யாருக்குச் சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க, நான் எங்க அம்மாவுக்கும் ஒரு தோழிக்கும் மட்டும் தான் முதல்ல சொன்னேன், அத்தைக்கு இன்னும் சொல்லல. ரிப்போர்ட் வந்த கையோட சில பேருக்கு அழுகை பொங்கிட்டு வரும், இத்தனை வருசம் வீணாப் போச்சேன்னு இருக்கும், எனக்கு ஒரு மாசம் இருந்துச்சு. உசுர விட்டுடலாம்னு எப்பவாச்சும் தோணினா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண் அது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம்.

ரிப்போர்ட்டுல கடைசி பக்கம் என்னென்ன மாத்திக்கணும்னு எழுதிருப்பாங்க, எழுதலன்னா எழுதித் தரச் சொல்லுங்க. நான் ஒரு ரைஸ் மில்லுல கணக்கு எழுதறேன். அந்தப் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயி ஓனர் அண்ணன் கிட்ட ரெண்டு கேட்டேன், மெஷின் ரூம் செவுத்த ஒட்டின டேபிள் வேண்டாம், வேலை சொல்றத வாட்ஸப்புல எழுதி அனுப்புங்கன்னு. ஏம்மா இத முன்னாடியே கேட்டிருக்கலாமேன்னு சொல்லிட்டு, நெல்லு மூட்டை சீட்டு அடுக்கி வெச்சிருந்த பின் ரூம காலி பண்ணிக் குடுத்தாரு. மதியம் வரைக்கும் அங்க ஜன்னல சாத்திட்டு உக்காந்தா தலைவலி வர்றதில்ல.